கையை விட்டுப் பாருங்கள்

"மோட்டார் வந்துருச்சுங்ணா. பேட்டரி அடுத்த வாரம் வருது. ஸ்டீயரிங்கைக் கடைசில ஒரே நாள்ல முடிச்சுக்கலாம்."

என் லேத் பட்டறை வாசலில் இதைச் சொல்கிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு முறை இறுதியாண்டு மாணவர்கள். ஒரு முறை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வண்டி செய்யக் கிளம்பியவர். இன்னொரு முறை, தோப்புக்குள் தேங்காய் ஏற்றிப் போக ஒரு சின்ன மின்வண்டி போதும் என்கிற பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி. பேச்சு மட்டும் மாறுவதில்லை. சட்டத்தை இறக்கி வைப்பார்கள். மோட்டார் உட்காரத் தனித் தட்டு இருக்கும். பேட்டரிக்குப் பெட்டி, பெட்டிக்குக் காற்றோட்டத் துளை, கன்ட்ரோலர் சூடு இறங்க அலுமினியத் தகடு எல்லாம் இருக்கும். முன்பக்கம் மட்டும் மொட்டையாக இருக்கும். அங்கே இரண்டு சக்கரத்தை வைத்து ஒரு கம்பியால் இணைத்துக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்பார்கள்.

அந்த "அவ்வளவுதான்" மேல்தான் எனக்குச் சண்டை.

பையன்களின் விவரமின்மை என்று இதை ஒதுக்க முடியாது. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. வீட்டிலேயே மின்வண்டி செய்யலாம் என்று சொல்லித்தரும் வீடியோக்களில் மோட்டார் எத்தனை வாட், பேட்டரி எத்தனை ஆம்பியர் ஹவர் என்பதற்குப் பத்து நிமிடம் போகும். முன்சக்கரங்கள் வேகமாக ஓடும் காட்சியில் வெல்டிங் பொறியோடு பொறியாகக் கடந்துவிடும். போட்டிகளுக்கு வேடிக்கை பார்க்கப் போனால் அங்கேயும் பார்வையாளர் கேட்பது ஒன்றுதான்: ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்? கையை விட்டால் நேராகப் போகுமா என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

தேரோட்டத்திலும் இதே கதைதான். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். படம் எடுக்கிறவர்களும் அவர்களைத்தான் எடுப்பார்கள். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீதி முனையில் அத்தனை பெரிய தேர் திரும்புவது அவர்கள் கைவேலை. எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம் சரித்து, எந்த நொடியில் கட்டையைக் கொடுப்பது, எப்போது உருவுவது என்பதெல்லாம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் வித்தை. முனையில் மட்டுமா? நேர் வீதியிலும் தேர் தன்பாட்டுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கும், யார் வீட்டுத் திண்ணையையாவது நோக்கி நகரும். அங்கேயும் கட்டை போட்டுத்தான் நடுவீதிக்குக் கொண்டுவருவார்கள். சேர்த்துப் பார்த்தால் அவர்கள் தேரைத் திருப்பும் நேரத்தைவிட நேராக வைத்திருக்கும் நேரம்தான் அதிகம். நம் பேச்சில் "முட்டுக்கட்டை போடுவது" என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று ஆகிவிட்டது. தேர் ஓட்டியவர்களைக் கேட்காமல் வந்த வழக்காக இருக்க வேண்டும்.

முதலில் மோட்டார், பிறகு ஸ்டீயரிங் என்ற கட்சிக்கு வரலாற்றிலிருந்து ஒரு பெரிய சாட்சியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவர் மறுதரப்புக்குத்தான் சாட்சி சொல்வார். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமைக்குக் கொடுத்த மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம். இன்ஜினை அவர் சாதித்துவிட்டார். இரண்டு முன்சக்கரங்களை மனதுக்குத் திருப்தியாகத் திருப்பும் வழி மட்டும் பிடிபடவில்லை. அதனால் முன்னால் ஒற்றைச் சக்கரம். நாலு சக்கரத்தோடு அவருடைய விக்டோரியா வண்டி வந்தது 1893இல். எரிபொருளை வெடிக்கவைத்துச் சக்கரத்தைச் சுழற்றத் தெரிந்த மனிதருக்கே ஏழு ஆண்டு பிடித்த வேலையைத்தான் நம் ஆட்கள் கடைசி நாள் மாலைக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

இத்தனைக்கும் விடை அப்போதே பழசு. மியூனிக்கில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர், முன்னச்சு முழுவதையும் நடுவில் ஒரே முளையில் வைத்துத் திருப்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி முளை கொடுத்தார். லண்டனில் அவருடைய முகவராக இருந்த ருடால்ஃப் அக்கர்மன் 1818இல் அங்கே காப்புரிமை வாங்கினார். செய்தவர் பெயர் மறந்துபோய், அந்த அமைப்புக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயரே நிலைத்துவிட்டது. பிரான்சில் அமெதே பொலே 1873இல் செய்த நீராவி வண்டியிலும் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி முளைதான். அந்த வண்டிக்கு அவர் வேகத்தையோ வலுவையோ பெயராக வைக்கவில்லை. 'லோபெய்ஸாந்த்' என்று வைத்தார்; சொன்னபடி கேட்பவள் என்று பொருள்.

மின்வண்டிக்காரர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் பெயர் ஷார்ல் ழாந்தோ. 1898 டிசம்பரில் பாரிஸுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில் ஒரு கார் மணிக்கு 63 கிலோமீட்டர் ஓடியது. தரைவேகச் சாதனைப் பட்டியலின் முதல் வரி அது. ஓடியது பெட்ரோல் காரல்ல, மின்கார், செய்தவர் ழாந்தோ. ஸ்டீயரிங் ஆர்ம்கள் இரண்டையும் பின்னோக்கி நீட்டினால் பின்னச்சின் நடுவில் சந்திக்க வேண்டும் என்று கல்லூரிப் பாடத்தில் ஒரு படம் வருமே, பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். சாதனைக்குப் பல ஆண்டு முன்பே அவர் மண்டையைக் குடைந்த விஷயம் அது. மின்காரின் மூத்த ஆசாரி ஒருவர் முதலில் கணக்குப் போட்டது முன்சக்கரத்துக்குத்தான்.

சரி, வரலாற்றை விடுவோம். "எங்க வண்டி 25 கிலோமீட்டர்தானே போகப்போகுது" என்பது அடுத்த வாதம். இதுதான் மிகப் பரவலானதும், கேட்க மிக நியாயமாக இருப்பதும். சட்டமும் தங்கள் பக்கம் என்று வேறு நம்புகிறார்கள். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால் மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளைக் காட்டுவார்கள். அதைச் சோதனை நிலையம் ஒன்று சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்று அதே விதி சொல்வதை வாசிப்பதற்குள் மோட்டாருக்குப் பணம் கட்டியிருப்பார்கள்.

விதியைவிட எனக்குக் கவலை தருவது இறக்கம். 25 என்ற எல்லை மோட்டாருக்குத்தான். மேம்பாலத்தின் இறக்கத்துக்கு அது தெரியாது. ஆளும் பேட்டரியுமாக இருநூறு கிலோ சரிவில் இறங்கினால் 40 வருவதற்கு ஒரு வாட்டும் வேண்டாம். அந்த 40இல் என்ன நடக்கும்? முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரங்களை வெறும் 3 டிகிரி திருப்புகிறோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் எடையில் சுமார் 11 விழுக்காடு பக்கவாட்டில் தள்ளும். உடம்பு லேசாகச் சாயும், சிரித்துக்கொள்ளலாம். 40இல் அதே 3 டிகிரிக்கு 44 விழுக்காடு. வேகம் இரட்டித்தால் தள்ளல் நாலு மடங்கு. ஒரு மீட்டர் அகலமும், ஆள் உட்கார்ந்தால் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் எடைமையமும் கொண்ட நாலு சக்கர வண்டிக்கு, 71 விழுக்காடு வந்தால் உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அதற்கு 5 டிகிரிகூட வேண்டாம். மூன்று சக்கரம் என்றால் எல்லை இன்னும் கிட்டே.

இப்போது அந்த 3 டிகிரியைக் கையில் அளந்து பாருங்கள். கைப்பிடி எத்தனை டிகிரி திரும்புகிறதோ சக்கரமும் அத்தனை திரும்பும் நேரடி இணைப்பு; பிடியோ நடுவிலிருந்து 150 மில்லிமீட்டரில். 3 டிகிரி என்றால் கை நகர வேண்டியது 8 மில்லிமீட்டர். தும்மினால் போதும். குழியில் சக்கரம் இறங்கி, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, சாய்கிற உடம்பு கைப்பிடியையும் கூட இழுத்தால் 8 மில்லிமீட்டரில் நிற்குமா? மெதுவாகப் போகிற வண்டிக்கு எப்படி இருந்தாலும் சரி என்கிறவர்கள், மெதுவான வண்டிகளில்தான் இப்படி நேரடிக் கைப்பிடி வைக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. கார் சக்கரத்தை 3 டிகிரி திருப்ப ஸ்டீயரிங் வளையத்தை அதைப்போலப் பதினைந்து மடங்கு, சில கார்களில் இருபது மடங்கு சுழற்ற வேண்டும். நேரடிக் கைப்பிடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடியை நீளமாக்கலாம். கைப்பிடிக்குக் கீழே சிறிய ஆர்மும் சக்கரத்தில் பெரிய ஆர்மும் வைத்து இரண்டுக்கு ஒன்றாகக் குறைக்கலாம். ஆனால் அதற்கு முன்பக்கத்தில் இடம் விட்டிருக்க வேண்டும், காலை எங்கே நீட்டுவது என்று யோசித்திருக்க வேண்டும், சட்டம் வரைவதற்கு முன்பே இந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டும்.

இவர்கள் எல்லோரும் ஸ்டீயரிங் என்றால் திருப்புகிற சாதனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேர் அங்கேதான் இருக்கிறது. அது வண்டியை நேராக வைத்திருக்கிற சாதனம். திருப்புவது எந்தக் கம்பிக்கும் வரும். குழந்தை செய்த அட்டை வண்டிகூடத் திரும்பும். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, வளையத்தை வலமும் இடமும் சுற்றி, சக்கரம் திரும்புவதைப் பார்த்துக் கைதட்டுவது எதையும் சோதிக்காது. திருப்பிய கையை எடுத்தால் சக்கரம் தானாக நடுவுக்கு வருகிறதா? அதுதான் சோதனை.

சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டாத பையன் நம் ஊரில் உண்டா? ஹேண்டில்பாரின் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். டயர் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருவதால் நேராக நிற்கப் பார்க்கிறது. (சைக்கிள் விழாமல் ஓட இது மட்டுமே காரணமில்லை என்று டெல்ஃப்ட், கார்னெல் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு விசித்திரச் சைக்கிளைச் செய்து காட்டினார்கள். அது வேறு கதை. சாய்ந்து ஓடாத நாலு சக்கர வண்டிக்கு இந்த இழுபாடுதான் சோறு போடுகிறது.) இதற்குப் பட்டறை மொழியில் கேஸ்டர் என்று பெயர். 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்துக்குக் கிங் பின்னின், அதாவது சக்கரம் திரும்பும் முளையின், தலையை 10 டிகிரி பின்னால் சாய்த்தால், அச்சுக்கோடு டயர் தொடும் இடத்துக்கு 35 மில்லிமீட்டர் முன்னால் விழும். அந்த 35 மில்லிமீட்டருக்கு மின்சாரம் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம், காசும் வேண்டாம். வெல்டிங்குக்கு முன் குழாயைச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

எனக்கு வரும் சட்டங்களில் கிங் பின் செங்குத்தாக இருக்கும். நீர்மட்டம் வைத்து, நூல் பிடித்து, பெருமையோடு செங்குத்து. பொறுப்பான பையன்கள் என்றால் இன்னும் மோசம், ஒரு இம்மி பிசகியிருக்காது. ஆள் உட்கார்ந்து, சட்டத்தின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தால் அந்தச் செங்குத்து முன்பக்கம் சரியும். அப்போது சக்கரம் நேராக நிற்கப் பார்க்காது, கையை விட்டதும் திரும்பிக்கொள்ளப் பார்க்கும். ஓட்டுகிறவர் ஒவ்வொரு நொடியும் வண்டியோடு மல்லுக்கட்டுவார். வீட்டுக்கு வந்து தோள் வலிக்கிறது என்பார். ரோடு சரியில்லை என்பார்.

தூரம் ஒன்றே குறி என்கிற மின்வண்டிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு முன்சக்கரம் போக வேண்டிய திசையிலிருந்து 1 டிகிரி விலகி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது, 400 மில்லிமீட்டர் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 7 மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான். அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருள்வதற்குள் பதினேழரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. முப்பது கிலோமீட்டர் போனால் அரைக் கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தேய்ப்புக்கான சக்தி எங்கிருந்து வரும்? ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு வைத்தார்களே, அந்த பேட்டரியிலிருந்துதான். இன்னும் பெரிய பேட்டரி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் ஒரு நூல்கண்டைக் கொடுத்து, முதலில் டோ இன், அதாவது முன்சக்கரங்கள் இணையாக நிற்கின்றனவா என்று பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

படித்த தரப்பு ஒன்று இங்கே குறுக்கிடும். "அக்கர்மன் போட்டிருக்கோம் சார், நூறு சதவீதம்." லேப்டாப்பில் படம் விரியும். கோடுகள் பின்னச்சின் நடுவில் அழகாகச் சந்திக்கும். தவறென்று சொல்ல மாட்டேன். வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்பத்தான் வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் என்றால் உள்சக்கரம் 30 டிகிரி திரும்பும்போது வெளிச்சக்கரத்துக்கு 22.6 போதும். ஏழு டிகிரிக்கு மேல் வித்தியாசம், புறக்கணிக்கக் கூடாது. ஆனால் 30 டிகிரிக்கு எப்போது திருப்புவோம்? வண்டியைக் கொட்டகைக்குள் விடும்போது, நடைவேகத்தில். சாலையில் ஓடும்போது உள்சக்கரம் 5 டிகிரி திரும்பினாலே பெரிய வளைவு. அங்கே இரண்டுக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம் கால் டிகிரி. அந்தக் கால் டிகிரிக்காக மூன்று வாரம் கணினி முன் உட்கார்ந்த அதே குழு, எம்8 போல்ட்டை 8.5 மில்லிமீட்டர் துளையில் போட்டு இணைத்திருந்தது. அப்படி நாலு இணைப்பு. இடத்துக்கு அரை மில்லிமீட்டராக இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம். ஸ்டீயரிங் ஆர்ம் 100 மில்லிமீட்டர் நீளம் என்பதால் சக்கரத்தில் அது 1 டிகிரிக்கு மேல். தேடியது கால் டிகிரி, தொலைத்தது ஒன்று. ஓட ஓட அந்தத் துளைகள் முட்டை வடிவமாகும் என்பது அடுத்த பருவத்து வேதனை. முளை சுழலும் இடத்தில் வெறும் போல்ட்டை வைக்காதீர்கள், ராட் எண்டோ பால் ஜாயிண்டோ வையுங்கள், புஷ் போடுங்கள் என்பதை எந்தச் சாஃப்ட்வேரும் சொல்லாது. லேத்தில் நிற்கிறவன் சொல்வான். அவனைத்தான் கடைசி நாளில் கூப்பிடுகிறார்கள்.

"இவ்வளவு ஏன் மண்டையைப் பிய்க்கணும்? உக்கடம் பழைய சாமான் கடையில ஒரு ராக் வாங்கி மாட்டிடலாம்." இப்படியும் ஒரு கட்சி. சென்னைக்காரர்கள் புதுப்பேட்டை என்பார்கள். பழைய காரின் ராக் (வளையத்தின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல்தண்டு) மட்டமான பொருளல்ல, நாம் செய்வதைவிட நூறு மடங்கு உயர்ந்தது. ஆனால் அது அந்தக் காருக்குப் பிறந்தது. 650 கிலோ காரை நின்ற இடத்தில் கைபலத்தால் திருப்புவதற்காகப் பல் வெட்டியது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். உங்கள் வண்டி இருநூறு கிலோ. சந்துக்குள் திரும்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். அகலமும் பொருந்தாது. பொருந்தவில்லை என்றதும், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை வெட்டி, சின்னதாக்கி, ஒட்டிவிடுவார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்கும் ஒரு வேலை உண்டென்றால் அது இந்த ஒட்டுதான். சஸ்பென்ஷன் இருந்தால் கூடுதல் வினை: டை ராடின் நீளமும், அது தொங்கும் இடமும் சஸ்பென்ஷன் ஆர்மோடு ஒத்துப்போகாவிட்டால், சக்கரம் மேடேறி இறங்கும்போதெல்லாம் யாரும் திருப்பாமலே திரும்பும். வேகத்தடையில் வண்டி தலையாட்டுவது அதனால்தான்.

ஒரு முறை அப்படிப்பட்ட ராக்கை, கால் வைக்க இடமில்லை என்று அச்சுக்குப் பின்னாலிருந்து முன்னால் மாற்றிக்கொண்டு வந்தார்கள். வளையத்தை வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போனது. ராக் வலப்பக்கம் நகரும்போது ஆர்ம் பின்னால் இருந்தால் சக்கரம் ஒரு திசையில் திரும்பும், முன்னால் இருந்தால் மறுதிசையில். சிரித்தோம். ஆனால் அந்தக் குழு ராக்கை வாங்கி, அடைப்பு வெட்டி, வெல்டிங் முடித்து, பெயின்டும் அடித்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்தது. ராக் எங்கே வரும் என்பது முதல் கோடாக வரைந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வட்ட வளையம் இருந்தால்தான் காராம். ஓர் ஆள் உட்காரும் மெல்லிய வண்டிக்கு இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு நெம்புகோல்களும் ஒரே டை ராடும் போதும். இணைப்பு குறைய ஆட்டமும் குறையும். சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், படத்தில் அழகாக வராதாம்.

மின்வண்டிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மோட்டார் தனி, ஸ்டீயரிங் தனி என்ற எண்ணம் இங்கேதான் சுக்குநூறாகிறது. முன்சக்கரங்கள் இரண்டிலும் ஹப் மோட்டார் வைப்பது இப்போது மோஸ்தர். கிங் பின் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சக்கரத்தை வெளியே தள்ளி மாட்டிய வண்டிகளில் 80 மில்லிமீட்டர் சாதாரணம். இரண்டு மோட்டாரும் சமமாக இழுக்கும்வரை பிரச்சினை தெரியாது. ஒரு கன்ட்ரோலர் கண் சிமிட்டினால்? மிச்சமிருக்கும் மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்றால், 200 மில்லிமீட்டர் ஆரச் சக்கரத்தில் அது 200 நியூட்டன் இழுவிசை. 80 மில்லிமீட்டர் நெம்பில் கிங் பின்னைச் சுற்றி 16 நியூட்டன் மீட்டர் முறுக்கு. மேலே சொன்ன 150 மில்லிமீட்டர் கைப்பிடியில் பத்துப் பதினோரு கிலோ எடையைத் திடீரென்று தொங்கவிட்ட மாதிரி வெட்டி இழுக்கும். கிங் பின்னைப் பக்கவாட்டில் சாய்த்து, அச்சுக்கோடு டயரின் நடுவிலேயே விழும்படி செய்தால் இந்த இழுப்பு கிட்டத்தட்டக் காணாமல் போகும். ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தாலும், ஒரு சக்கரம் கல்லில் மோதினாலும் இதே மருந்துதான். முன்னச்சு முழுவதையும் நடு முளையில் திருப்பும் வண்டியில் இந்த நெம்பு அகலத்தில் பாதி, அதாவது அரை மீட்டர். லாங்கென்ஸ்பெர்கர் எதிலிருந்து தப்பித்தார் என்பது புரியும்.

கடைசியாக, நவீனக் கட்சி. இது மின்வண்டி, கம்பி எதற்கு? ஒரு சர்வோ மோட்டார் திருப்பட்டும், அல்லது இரண்டு பின்மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே திரும்பட்டும் என்கிறார்கள். மின் சக்கர நாற்காலி அப்படித்தான் திரும்புகிறது. நடைவேகத்துக்கு அது அருமையான ஏற்பாடு. சாலைக்கு? கம்பியில்லாத ஸ்டீயரிங்கை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த காரான இன்ஃபினிட்டி க்யூ50இல், 2013இலேயே, மூன்று கணினிகள் ஒன்றையொன்று கண்காணித்தன. அதுவும் போதாதென்று, அவை கைவிட்டால் இரும்புத் தண்டை இணைத்துவிடும் ஒரு கிளட்சையும் உள்ளே ஒளித்துவைத்திருந்தார்கள். டெஸ்லாவின் சைபர்ட்ரக்கில் தண்டே இல்லை, உண்மைதான். ஆனால் முன்சக்கரங்களைத் திருப்ப ஒன்றுக்கு இரண்டு மோட்டார். நம்மவர் கையில் இருப்பது ஒரு சர்வோ, ஒரு சின்ன போர்டு, சாலிடர் செய்த ஒயர்.

மோட்டார் நின்றால் வண்டி நிற்கும். பேட்டரி தீர்ந்தால் தள்ளிக்கொண்டு வரலாம். பிரேக் போனால் கைபிரேக் இருக்கிறது, இல்லாவிட்டால் மண்மேடு இருக்கிறது; அங்கே கொண்டுபோய் ஏற்றவும் ஸ்டீயரிங்தான் வேண்டும். டை ராடின் நட் கழன்றால் அதற்கு மாற்று என்று வண்டியில் ஒன்றுமே கிடையாது. ஸ்பிளிட் பின் என்று ஒரு சின்னக் கம்பித்துண்டு கடையில் கிடைக்கிறது. துளையிட்ட போல்ட்டும் கோட்டை நட்டும் வாங்கி அதைக் குத்தி மடக்கிவிட்டால் நட் கழலாது. வண்டியில் அதைவிட மலிவான பொருள் கிடையாது. எனக்கு வரும் பத்து வண்டியில் எட்டில் அது இருக்காது.

எதிர்த்தரப்பில் எனக்கு மதிப்புள்ள வாதம் ஒன்று உண்டு. வண்டி ஒரு தடவையாவது தானாக நகர்ந்தால்தான் செய்கிறவர்களுக்கு உற்சாகம் வரும். ஸ்டீயரிங்கில் தொடங்கினால் அங்கேயே சோர்ந்து போவார்கள் என்கிறார்கள். மனிதர்களைப் பற்றிய கணிப்பு என்ற வகையில் சரியாகவே இருக்கலாம். ஆனால் பாதி வண்டியில், காசு செலவில்லாமல், முழுசாகச் சோதித்துப் பார்க்க முடிகிற பகுதி ஸ்டீயரிங் ஒன்றுதான். மோட்டார் வேண்டாம், பேட்டரி வேண்டாம். இருக்கை இடத்தில் ஒரு மூட்டை மணலைக் கட்டி, பின்னால் நாலு பேர் கயிறு பிடித்து, ஒரு சின்னச் சரிவில் விட்டால் போதும். நேராக வருகிறதா, வளையத்தைத் தட்டிவிட்டால் திரும்பி நடுவுக்கு வருகிறதா, ஒரு பக்கச் சக்கரத்தடியில் செங்கல் துண்டு வைத்தால் என்ன செய்கிறது என்பதெல்லாம் ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும். உற்சாகத்துக்கும் குறைவிருக்காது; சரிவில் வண்டி விடுவதில் சலித்துப்போன பையனை நான் பார்த்ததில்லை.

மேலே முதல் வரியில் பேசிய குழுவையும் அப்படித்தான் கூட்டிப்போனேன். பட்டறைக்குப் பின்னால் தார் போட்ட ஒரு சரிவு. சுண்ணாம்பில் நேர்க்கோடு ஒன்று இழுத்தோம். மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள், அரை மனதோடு. மூட்டையைக் கட்டி, வளையத்தை நேராக்கி, கையை எடுத்துவிட்டு மெதுவாக விட்டோம். பத்தடி கோட்டிலேயே வந்தது. பிறகு ஏதோ நினைவு வந்த மாதிரி இடப்பக்கம் ஒதுங்கி, ஒதுங்கி, கயிற்றுக்காரர்களையும் இழுத்துக்கொண்டு கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. இரண்டாவது தடவையும் அதே புதர்.

குழுத் தலைவன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான். பிறகு நிமிர்ந்து சொன்னான்: "பேட்டரி வெயிட்டு அந்தப் பக்கமா இழுக்குது போலங்ணா."

பேட்டரி அடுத்த வாரம்தான் வருகிறது.